பைக்குக்கு வழிகாட்டி: ஒரு பழைய போன், ஒரு ரிலே, கொஞ்சம் ஒயர்

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் “பைக்குக்கு ஜிபிஎஸ் இருக்காண்ணே?” என்று கேட்டால், பெரும்பாலும் சின்னதாக ஒரு கருப்புப் பெட்டியைத்தான் எடுத்து வைக்கிறார்கள். உள்ளே ஒரு சிம் போட வேண்டும். வண்டி திருடு போனால் எங்கே நிற்கிறது என்று நம் போனுக்குத் தகவல் அனுப்பும். நல்ல சாமான்தான். ஆனால் வண்டி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருப்பவருக்குச் சொல்லுமே தவிர, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்லாது. எனக்கு வேண்டியது வழி காட்டும் சாமான். அதனால் கடைக்குப் போகிறவர்கள் “டிராக்கர் இல்லண்ணே, மேப் காட்டுறது” என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் ஓட்டுவது பல்சர் 150. வார நாட்களில் வேலைக்கு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் நத்தம், சிறுமலை, இல்லையென்றால் தேனிப் பக்கம். இத்தனை நாளும் தினசரி போனையே ஹோல்டரில் மாட்டி ஓட்டினேன். அதை நிறுத்தியதற்குக் காரணம் கேமரா. ஓரளவு விலையுள்ள போன்களில் ஓஐஎஸ் என்ற ஏற்பாடு வருகிறது. கை நடுங்கினாலும் படம் கலங்காமல் இருக்க, லென்ஸையோ சென்சாரையோ நுண்ணிய காந்தங்கள் அசைத்துச் சரிக்கட்டும். ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி நாள்கணக்கில் அதைக் குலுக்கினால் என்ன ஆகும்? ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் இதைப் பற்றி எழுதிவைத்தது. பெரிய மோட்டார்சைக்கிள்களில் ஐபோனை நேரடியாக மாட்ட வேண்டாம், மொபெட், ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வைக் குறைக்கும் மவுண்ட் போடுங்கள் என்று. வங்கிக் கணக்கு, வேலை, குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கிற போனை இதற்குப் பலிகொடுக்க மனம் வரவில்லை.

ஆக, தேவை இவ்வளவுதான். மதியம் ஒரு மணி வெயிலில் ரிங் ரோட்டில் போகும்போது திரை தெரிய வேண்டும். மலையில் சிக்னல் போனாலும் வழி காட்ட வேண்டும். வண்டியிலிருந்தே சார்ஜ் ஏற வேண்டும். எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும்.

பார்த்துக் கழித்தவை

பைக்குக்கென்றே செய்தவற்றில் எல்லோரும் சொல்லும் பெயர் கார்மின் ஜூமோ. எக்ஸ்டி மாடலுக்கு 5.5 அங்குலத் திரை. கையுறையோடு தொடலாம், மழையில் நனையலாம், வெயிலில் தெரியும். குறை சொல்ல ஒன்றும் இல்லை, விலையைத் தவிர. நாற்பதாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். என் வண்டியை இன்று விற்கப் போனாலே அதற்குப் பக்கத்தில்தான் வரும். வண்டிக்குச் சமமான விலையில் வண்டிக்கு வழிகாட்டி என்பது ஏதோ முறையாகப் படவில்லை.

மலை ஏறும் நண்பர் ஒருவர் கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் வைத்திருக்கிறார். கையில் பிடிக்கும் சிறிய கருவி. இரவல் வாங்கிப் பார்த்தேன். இரண்டு பென்சில் பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும் என்பதால் ஒயரிங்கே வேண்டாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை இலவசமாக இறக்கி அதில் ஏற்றிக்கொள்ளலாம். வெயில் ஏற ஏறத் திரை தெளிவாகிறது. வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் வகைத் திரை அது. ஆனால் திரையின் அளவு 2.2 அங்குலம்தான். நடப்பவர் நின்று நிதானமாகப் பார்க்கலாம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிப் பார்வையில் எந்த இடது என்று பிடிபடவில்லை. ஊர்ப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சின்னக் குச்சியை நகர்த்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். “உசிலம்பட்டி” என்று அடித்து முடிப்பதற்குள் உசிலம்பட்டிக்கே போய்விடலாம். போன பாதையைப் பதிவு செய்ய அருமையான கருவி, வழி கேட்க இல்லை.

பழைய சாமான் கடைகளில் காருக்கான 5 அங்குல ஜிபிஎஸ் பெட்டிகள் கிடைக்கின்றன. விண்டோஸ் சிஇ காலத்துச் சாமான். அழுத்தித் தொடும் வகைத் திரை என்பதால் கையுறையோடு வேலை செய்யும் என்ற ஒரு நன்மை உண்டு. உள்ளே இருக்கும் மேப் எத்தனை வருடப் பழசு என்று பார்த்தால் ஆசை விட்டுப்போகும். தண்ணீரும் தாங்காது.

ஆன்லைனில் இப்போது அதிகம் விற்பது பைக் ஹேண்டில்பாரில் பூட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ திரைகள். விளம்பரத்தில் “ஜிபிஎஸ் நேவிகேஷன்” என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கொஞ்சம் உள்ளே படித்தால், சொந்தமாக மேப் எதுவும் அதில் கிடையாது. இடத்தைக் கண்டுபிடிப்பது, வழி போடுவது எல்லாம் சட்டைப்பையில் இருக்கும் நம் போன். அங்கிருந்து வைஃபை வழியாகப் படம் மட்டும் திரைக்கு வரும். போன் அதிர்விலிருந்து தப்பிக்கிறது என்பது உண்மையான லாபம். ஆனால் போன் பைக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும், அதன் சார்ஜும் இறங்கும். ராயல் என்ஃபீல்டு 2020 நவம்பரில் மீட்டியோர் 350-உடன் கொண்டுவந்த ட்ரிப்பர் என்ற சின்ன வட்டத் திரையும் ஏறக்குறைய இதே வழிதான்: யோசிப்பது போன், அம்பு காட்டுவது மட்டும் வட்டம். கம்பெனியிலிருந்தே வண்டியோடு வந்தால் சந்தோஷம். தனியாகப் பணம் போட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை.

மிச்சம் இருந்தது பழைய போன். இதற்கென்றே ஒன்று, சிம் இல்லாமல், வண்டியிலேயே வேலை பார்க்க.

போன் பொறுக்கியது

பழைய போன் கடையில் எல்லோரும் பார்ப்பது ரேமும் கேமராவும். இங்கே இரண்டும் தேவையில்லை. கேமராவில் ஓஐஎஸ் இல்லாத போன்தான் நமக்கு நல்லது, அதனால் விலையும் குறைவு. நான் பார்த்த முதல் விஷயம் திரை வெளிச்சம். விலை குறைந்த எல்சிடி திரைகள் 400, 500 நிட்ஸ் என்ற வெளிச்ச அளவோடு நின்றுவிடும். நம் ஊர் வெயிலில் அது போதாது. கடை வாசலுக்கு எடுத்துப் போய், வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, வெயிலில் நீட்டிப் பார்க்க வேண்டும். கூலிங்கிளாஸ் போட்டு ஓட்டுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். போலரைஸ்டு கண்ணாடி வழியாகச் சில திரைகள் நேராகப் பிடித்தால் தெரியும், படுக்கையாகத் திருப்பினால் கருப்பாகிவிடும். சிலது அதற்கு நேர்மாறு. கடைக்காரத் தம்பிக்கு நான் செய்ததெல்லாம் வேடிக்கையாக இருந்தது. “போன் வாங்க வந்தீங்களாண்ணே, இல்ல வத்தல் காயப்போட வந்தீங்களா?” என்றான்.

இரண்டாவது சோதனை ஜிபிஎஸ் சிப். ஜிபிஎஸ்டெஸ்ட் என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது. எந்தெந்தச் செயற்கைக்கோள் தெரிகிறது, சிக்னல் எவ்வளவு பலம் என்று பட்டியலாகக் காட்டும். இடம் கணிக்கக் குறைந்தது நான்கு வேண்டும். இன்றைய போன்கள் அமெரிக்க ஜிபிஎஸ் மட்டுமல்லாமல் ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பதால் திறந்த வெளியில் நான்குக்குப் பஞ்சம் வராது. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்களைப் பிடிக்கும் சிப்கள் 2020-இலிருந்து நடுத்தர விலைப் போன்களிலும் வந்தன. பட்டியலில் இந்தியக் கொடி தெரிந்தால் ஒரு சின்ன சந்தோஷம். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கூடுதல் விலை கொடுக்கலாம் என்றால் அது எல்5 அலைவரிசைக்குத்தான். பழைய போன்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 சிக்னலை மட்டும் வாங்கும். எல்5 என்பது 1176.45 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் வாங்கும் போன், கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பிவரும் போலிச் சிக்னலை நேராக வருவதிலிருந்து பிரித்துப் பார்ப்பதில் கெட்டி. மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் சந்துகளில் இது தெரியும். எல்1 மட்டும் உள்ள போனில் நம் புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவித் தாவி வரும். நான் வாங்கியதில் எல்5 இல்லை. டவுனுக்குள் எனக்கு மேப் தேவைப்படுவதில்லை என்பதால் விட்டுவிட்டேன். வெளியூர்க்காரர்கள் இப்படி விட வேண்டாம்.

அப்புறம் சார்ஜ் போடும் துளையில் ஒயரை மாட்டி ஆட்டிப் பார்த்தேன், ஆடினால் வேண்டாம். மேசையில் குப்புற வைத்துப் பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று பார்த்தேன். உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது, வெயிலில் அது ஆபத்து. கடைசியாக *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை எடுத்து, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு இடைவெளி விட்டு அதையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் பதிலில் தெரிந்துவிடும். மத்திய அரசின் ஏற்பாடு. பழைய போன் வாங்கும் எல்லோரும் செய்ய வேண்டியது, ஏனோ யாரும் செய்வதில்லை. ஆறங்குல ஆமோலெட் திரை, பின்மூடியில் கீறல்கள், நாலாயிரத்துச் சொச்சம். எடுத்துக்கொண்டேன்.

சிம் இல்லாத போனில் முதலில் ஒன்று குழப்பும். காலையில் வண்டியை எடுத்ததும் இடம் காட்டச் சில நேரம் தாமதமாகும். சிம் உள்ள போன், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற கணக்கை இணையத்திலிருந்து நொடியில் எடுத்துக்கொள்ளும். சிம் இல்லாதது அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தகவல் வருவது நொடிக்கு 50 பிட் என்ற வேகத்தில். ஒரு செயற்கைக்கோளின் சொந்தக் கணக்கைக் கேட்டு முடிக்கவே ஏறக்குறைய அரை நிமிடம். எல்லாவற்றின் பொதுப் பட்டியலும் முழுதாக வர 12.5 நிமிடம். நடுவில் சிக்னல் விட்டுப்போனால் விட்ட பகுதி மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் போன் கெட்டுப்போச்சு என்று பதற வேண்டாம். கிளம்புவதற்கு முன் திறந்த வெளியில் அசையாமல் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் பிடித்துக்கொள்ளும். அவசரம் என்றால் தினசரி போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு நிமிடம் இணைத்தால் போதும்.

ஒயரிங்

செலவு குறைவு, வேலை அதிகம் என்பது இந்தப் பகுதிதான். பைக் யுஎஸ்பி சார்ஜரில் சிவப்பும் கருப்புமாக இரண்டு ஒயர் வரும். நேராக பேட்டரியில் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. சிக்கல் என்னவென்றால், சார்ஜரில் ஒரு குட்டி விளக்கோ வோல்ட் மீட்டரோ இருக்கும், அது வண்டி நிற்கும்போதும் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பத்து நாளில் காலி. ஊருக்குப் போய்விட்டு வந்து செல்ஃப் அடித்தால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான் வரும்.

அதனால் நடுவில் ஒரு ரிலே வைக்க நினைத்தேன். சாவி லைனின் சின்னக் கரண்டை வைத்து பேட்டரி லைனைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. மெக்கானிக் அண்ணனிடம் போனபோது அவர் சுலபமாக முடிக்கப் பார்த்தார். “எதுக்குத் தம்பி ரிலே கிலேன்னு? ஹாரன் லைன்ல குத்திவிட்டா சாவி போட்டாத்தான் கரண்ட் வரும். வேலை முடிஞ்சுச்சு.”

அவர் சொன்னது வேலை செய்யும். சார்ஜர் 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட் கொடுக்கிறது. 12 வோல்ட் பக்கம் இழப்பையும் சேர்த்தால் சுமார் 1 ஆம்பியர்தான். ஹாரன் லைன் அதைத் தாங்கும். ஆனால் சார்ஜருக்குள் மழைத்தண்ணீர் புகுந்து ஷார்ட் ஆனால் போவது வண்டியின் ஃப்யூஸ். இருட்டில், மலைப்பாதையில், மேப்போடு சேர்த்து ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் போய்விடும். இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “அதுவும் சரிதான். நாலு பின் ரிலே வாங்கிட்டு வா.”

ரிலேயின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஓர் ஒயர், 3 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக, 30 என்ற பின்னுக்கு. ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் காப்பாற்றாது. 87-இலிருந்து சார்ஜரின் சிவப்பு ஒயர். 85 நெகட்டிவுக்கு. 86-க்குச் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் லைன். அந்த லைன் எது என்று ஒயரின் நிறத்தை வைத்துத் தேட வேண்டாம். மாடலுக்கு மாடல் மாறும். மல்டிமீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சாவியைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். சாவி எடுத்ததும் பூஜ்யத்துக்கு வருவதுதான் நமக்கு வேண்டியது. பின்பக்க பிரேக் விளக்கு சுவிட்சுக்கு வரும் லைன் எனக்கு வாகாக இருந்தது. ரிலேயின் சுருள் மிகக் குறைந்த கரண்ட்தான் எடுக்கும் என்பதால் அந்த லைனுக்குச் சுமை தெரியாது.

சார்ஜரின் கருப்பு ஒயரைச் சேசிஸில் ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அடியில் பெயின்ட் இருந்தால் தொடர்பு அரைகுறையாக இருக்கும், பிறகு துருவும் சேரும். பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய்விடுவது நல்லது. டேங்கைப் பின்பக்கம் கொஞ்சம் தூக்கி, கம்பெனி ஒயர்கள் போகும் பாதையிலேயே நம் ஒயரையும் விட்டு, டை போட்டுக் கட்டினோம். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விடாமல், உலோக முனைக்குள் விட்டு நசுக்கி கிரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டினோம். டேப் வெயிலில் பசை உருகி ஆறே மாதத்தில் அவிழ்ந்துவிடும். ஹேண்டில்பாரைக் கடைசிவரை இடதும் வலதும் திருப்பிப் பார்த்து, ஒயர் இறுகாத அளவுக்குத் தொய்வு விட்டோம். இதை எல்லாம் கட்டி முடித்த பிறகு பார்ப்பதைவிட, கட்டுவதற்கு முன் பார்த்தால் டை மிச்சமாகும்.

எல்லாம் சரியாக இருந்தும் போனில் சார்ஜ் ஏறாமல் இறங்கினால் குற்றவாளி பெரும்பாலும் யுஎஸ்பி கேபிள். விலை மலிந்த கேபிளில் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி 28 கேஜ் அளவுக்கு மெலிசாக இருக்கும். ஒரு மீட்டர் நீளத்தில் போக வர இரண்டு கம்பியும் சேர்ந்து 0.43 ஓம். 2 ஆம்பியர் இழுத்தால் 0.85 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் மிஞ்சுவது 4.15. போன் சார்ஜ் ஏறுவதாகப் படம் காட்டும், திரை எரியும் செலவுக்கே அது பத்தாது. தடித்த கம்பியுள்ள, கால் மீட்டர் நீளக் கேபிள் வாங்கினேன். முனை எல் வடிவில் இருந்தால் துளைக்கு வலி குறைவு. அந்த முனையையும் ஹோல்டரோடு சேர்த்து ஒரு ரப்பர் வளையத்தால் பிடித்து வைத்திருக்கிறேன். அதிர்வில் முதலில் தேய்வது அந்தத் துளைதான்.

பூட்டும் இடம்

நான்கு தாடை உள்ள அலுமினிய ஹோல்டர் எடுத்தேன், ஆலன் கீயால் இறுக்குவது. கண்ணாடிக் கம்பியில் மாட்டும் வகையும் உண்டு. கம்பி மெலிசு, நீளம். அதனால் அங்கே ஆட்டம் அதிகம். ஹேண்டில்பாரின் நடுவில், ஸ்டெமுக்குப் பக்கத்தில் ஆட்டம் குறைவு. நடுவில், ஸ்பீடோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் பார்வையும் சாலையை விட்டு அதிகம் இறங்காது. போனுக்கும் தாடைக்கும் நடுவே சைக்கிள் டியூபை வெட்டிச் சின்னத் துண்டுகள் வைத்தேன். தாடை எதுவும் பவர் பட்டன்மேல் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் திரை அணைந்தால் காரணம் அதுதான்.

காந்தம் வைத்த ஹோல்டர் வேண்டாம். போனின் திசைகாட்டி குழம்பிவிடும். வண்டி ஓடும்போது நகரும் திசையை வைத்து ஜிபிஎஸ் சமாளித்துவிடும். கோரிப்பாளையம் சந்திப்பில் நிற்கும்போது அம்பு சுற்றிச் சுற்றி வந்தால் எந்தப் பக்கம் போவது?

போலீஸ் பிடிக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். ஓட்டும்போது போனைக் கையில் வைத்திருப்பது குற்றம். ஆனால் 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம் என்கிறது. வழி பார்ப்பதற்கு மட்டும். வாட்ஸ்அப் பார்க்க அல்ல. சிம் இல்லாத போனில் அந்தத் தொல்லை தானாகவே தீர்ந்துவிடுகிறது.

எந்த மேப்

நகருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கூகுள் மேப்ஸுக்கு மாற்று இல்லை. நெரிசல் காட்டும், கல்யாண மண்டபத்தின் பெயரை அடித்தால் போய்ச் சேர்க்கும், தமிழிலேயே வழி சொல்லும். இருசக்கர வண்டிக்கென்று தனி வழி போடும் வசதி 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது. ஆனால் அதன் முழுப் பலமும் இணையம் இருக்கும்வரைதான். ஊரை இறக்கி வைத்துக்கொண்டாலும் இணையம் இல்லாதபோது காருக்கான வழிதான், நெரிசல் தகவலும் இல்லை.

அதனால் சிம் இல்லாத போனில் ஆர்கானிக் மேப்ஸும் ஓஸ்மாண்டும் போட்டேன். இரண்டும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்குபவை. தமிழ்நாட்டை முழுசாக வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டால் பிறகு இணையமே வேண்டாம். ஆர்கானிக் மேப்ஸ் வேகம், எளிமை. ஓஸ்மாண்டில் மெனுவுக்குள் மெனு, பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் எழுத்தையும் கோட்டையும் பெரிதாக்கலாம். பைக்கில் அது பெரிய விஷயம். பலவீனம் தேடலில் இருக்கிறது. கடைப் பெயர், மண்டபப் பெயர், கதவு எண் எல்லாம் அதில் பாதிக்கு மேல் இருக்காது. நான் செய்வது, வீட்டிலேயே கூகுளில் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை எடுத்து இதில் ஒட்டிச் சேமித்துக்கொள்வது.

இரண்டு அமைப்புகளை முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஒன்று, டோல் சாலையைத் தவிர்ப்பது. தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது. அந்த அமைப்பு போட்டபடி இருந்தால் கப்பலூர் டோல்கேட்டைத் தவிர்க்கிறேன் என்று ஊரைச் சுற்ற வைக்கும். இரண்டு, மண்சாலையைத் தவிர்ப்பது. இதைப் போடாவிட்டால் குறுக்கு வழி என்று கண்மாய்க் கரையில் ஏற்றிவிடும். பங்குனியில் கரை காய்ந்திருக்கும், போய்விடலாம். ஐப்பசியில் அதே கரையில் வண்டியை உருட்டித் திருப்பக்கூட இடம் இருக்காது.

மேப் எதுவானாலும் ஏமாறும் இடம் ஒன்று நத்தம் சாலையில் இருக்கிறது. தல்லாகுளம் பக்கத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் சாலை, 2023 ஏப்ரலில் திறந்தது. மேலே ஒரு சாலை, நேர் கீழே ஒரு சாலை. ஜிபிஎஸ் உயரத்தைக் கணிப்பதில் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியதுதான். மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று அதற்குப் புரியாது. கீழே போகும்போது “நேராகச் செல்லவும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும், நம் திருப்பம் தாண்டிப்போயிருக்கும். மேலே ஏறுவதா வேண்டாமா என்பதை ஏறுவதற்கு முன்பே நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். நான்கு வழிச்சாலையிலும் இதே கதை. மூன்று நான்கு மீட்டர் பிசகில் சர்வீஸ் ரோடா மெயின் ரோடா என்று அதற்குத் தெரியாது.

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வழி தவற வாய்ப்பே இல்லை. இருப்பது ஒரே சாலை. ஆனால் அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு ஒடுக்கம் என்று முன்கூட்டியே திரையில் தெரிவது மூடுபனியில் பெரிய உதவி. சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும்போது தினசரி போனில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. இந்தப் போன் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

வெயிலும் மழையும்

சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி. நேர் வெயிலில் கருப்புத் திரை அதைவிடச் சூடாகும். போன் முதலில் வெளிச்சத்தைத் தானே குறைக்கும், பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், கடைசியில் அணைந்துவிடும். லித்தியம் பேட்டரியைச் சூட்டில் சார்ஜ் செய்யக்கூடாது என்பதால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இதற்காகச் சார்ஜர் லைனில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்தேன். மதியம் அணைத்துவிடுவது, சார்ஜ் பாதிக்குக் கீழே வந்தால் மட்டும் போடுவது. பின்மூடிக் கவரையும் கழற்றியாகிவிட்டது. வயர்லெஸ் சார்ஜர் வைத்த ஹோல்டர்கள் பார்க்க அழகு, ஆனால் அது கூடுதலாகச் சூடு கிளப்பும். நம் ஊருக்கு ஆகாது. இரவு மேப் என்று கருப்புப் பின்னணி போட்டால் வெயிலில் ஒன்றுமே தெரியாது. வெள்ளைப் பின்னணிதான் பகலுக்கு. கருப்பு ஃபோம் ஷீட்டை வெட்டித் திரைக்கு மேலே ஒரு தாழ்வாரம்போல ஒட்டினேன். பத்து ரூபாய்ச் செலவு, வெளிச்சம் ஒரு படி கூடியது.

மழைக்கு நீர்புகாப் பை விற்கிறார்கள். உள்ளே வேர்த்துத் திரை மங்குகிறது, வெயில் வந்தால் வேகிறது. பை இல்லாமல் விட்டால் துளி விழுந்த இடமெல்லாம் தொட்டதாக எண்ணி, மேப் தானாகப் பெரிதாகும், சிறிதாகும், போகிற இடமே மாறிவிடும். தூறலுக்குத் தாழ்வாரம் போதும். வலுத்தால் போனைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக் குரலைக் கேட்டு ஓட்டுகிறேன். இரண்டு காதையும் அடைத்தால் பின்னால் வரும் பஸ் ஹாரன் கேட்காது. உசிலம்பட்டி ரோட்டில் அது கேட்டே ஆக வேண்டும்.

செலவு: போன் நாலாயிரத்துச் சொச்சம், ஹோல்டர் தொள்ளாயிரம், சார்ஜர் நானூற்றைம்பது, கேபிள் இருநூறு, ரிலே, ஃப்யூஸ், ஒயர், சுவிட்ச் சேர்த்து முந்நூறு. மெக்கானிக் அண்ணன் கூலி வாங்க மறுத்து, தன் மருமகன் வண்டிக்கும் இதேபோல ஒயரிங் படம் ஒன்று வரைந்து கொடுக்கச் சொன்னார்.

வாட்டர் சர்வீசுக்கு விடும்போது மட்டும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சார்ஜரின் ரப்பர் மூடி மழைக்குத்தான், பிரஷர் பம்புக்கு அல்ல. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டி, ஃப்யூஸையும் உருவிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நான் வண்டியை விடுகிறேன்.